நாற்பத்து மூன்றாவது கேள்வி

குஷாய்குடா, ஹைதராபாத்
9-2-2003

சிரஞ்சீவி சீனுவுக்கு அத்திம்பேர் வெங்கடராமன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்கா கல்பகமும் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. குத்தாலத்தில் நீ, லலிதா, குழந்தைகள் சௌக்கியமா? உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் கட்டு வந்து இறங்குவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீயும் மறுக்க முடியாது, நானும் மறுக்க முடியாது.

இனி இந்த வீட்டில் மனுஷன் இருக்க முடியாது. கிழக்குப் பக்கத்து வீட்டை இடித்து ஆறு மாடி எழுப்பிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு என் ஹாலில் விழுந்துகொண்டிருந்த வெயில் போயே போய்விட்டது. பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறேன். கட்டுகிறவனிடம் போய்க் கேட்டேன். நம் பிள்ளை கௌஷிக் வயசுதான் இருக்கும் அவனுக்கு. 'அங்கிள், உங்க இடத்துக்கும்தானே மதிப்பு ஏறியிருக்கு' என்கிறான். நான் மதிப்பையா கேட்டேன்? வெயிலைக் கேட்டேன். போர் போட்ட கிணறும் அவன் ஆழமாகத் துளைத்ததிலிருந்து பாதி நாள் காற்றைத்தான் இறைக்கிறது. கௌஷிக்கிடம் சொன்னால், ஹைடெக் சிட்டி பக்கம் சுற்றுச்சுவர் கட்டி வாசலில் செக்யூரிட்டி போட்ட பிளாட் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். முப்பத்து மூன்று வருஷம் கம்பெனி கேட்டில் பையைத் திறந்து காட்டியவன் நான். ரிட்டயரான பிறகும் ஒரு கேட்டா?

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இதை விற்றுவிட்டு உங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்கப் போகிறேன். நீ கல்பகத்தின் ஒரே தம்பி, அந்தப் பக்கம் எல்லா ஊரும் தெரிந்தவன், டி.வி.எஸ். ஃபிஃப்டி வேறு வைத்திருக்கிறாய். பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் பூர்த்தி செய்து அனுப்பு. மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். பத்து பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

கல்பகம் வீட்டில் இல்லை. காலனியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவர ஒரு கமிட்டி வைத்துக்கொண்டு அலைகிறார்கள், இவள்தான் செக்ரட்டரியாம். இருந்திருந்தால் உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லியிருப்பாள்.

ஆசீர்வாதத்துடன்,
வெங்கடராமன்


குத்தாலம்
26-2-2003

அன்புள்ள அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் சீனுவின் நமஸ்காரங்கள். இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்கு லலிதா ஒரு தைலம் சொல்கிறாள், அடுத்த தபாலில் அனுப்புவாள்.

கோமலில் ஒரு வீடு பார்த்தேன். படிவம் இத்துடன். உங்கள் ஒன்பதாவது கேள்விப்படி உத்தரத்தைச் சாவியால் தட்டிச் சத்தம் கேட்டேன். வீட்டுக்காரர் என்னை மர வியாபாரி என்று நினைத்து, உத்தரத்தை மட்டும் கழற்றி விற்கிற எண்ணம் இல்லை என்றார். இருபத்தாறாவது கேள்விப்படி பக்கத்து வீட்டில் போய், மாடி கட்டும் உத்தேசம் உண்டா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை வரி போட வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் என்னை எல்லோருக்கும் கணக்கு வாத்தியார் என்று தெரியும். இன்னும் இரண்டு வீடு பார்த்தால் வேறு ஏதாவது பெயர் வந்துவிடும்.

கதவைப் பாதி திறந்து விட்டால் தானாக மூடிக்கொள்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். மூடிக்கொள்கிறது. மற்றபடி நல்ல வீடு.

அக்காவுக்கு எந்த ஊர் இஷ்டம் என்று தெரிந்தால் எனக்கு அலைச்சல் குறையும். படிவத்தில் அது இல்லை.

தங்கள்,
சீனு


குஷாய்குடா
9-3-2003

சிரஞ்சீவி சீனுவுக்கு ஆசீர்வாதம். தைலம் கிடைத்தது. எரிகிறது, ஆனால் கேட்கிறது. லலிதாவிடம் சொல்.

கோமல் நிராகரிக்கப்பட்டது. கதவு தானாக மூடிக்கொள்கிறது என்றால் தரை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தரை சாய்ந்திருக்கிற வீட்டை 'மற்றபடி நல்ல வீடு' என்று ஒரு கணக்கு வாத்தியார் எழுதலாமா? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

உனக்கு என் வேலை என்ன என்று சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். கம்பெனியில் செய்கிற ஒவ்வொரு எலெக்ட்ரானிக் பெட்டியையும் சோதித்துச் சரி, தப்பு என்று சீட்டு ஒட்டினவன் நான். எண்பத்தொன்பதில் கப்பற்படைக்குப் போக வேண்டிய பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, ஆனால் அதைப் பயன்படுத்தப் போகிற ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மட்டும் காலி. நான் கேட்டில் போய் லாரிக்கு முன்னால் நின்றுவிட்டேன். ஜெனரல் மேனேஜரே இறங்கி வந்து, 'வெங்கடராமன், வெறும் ஒரு கையெழுத்துதானே' என்றார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் லாரி நின்றது. அவர்கள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டைத் தாண்டியது.

அக்காவுக்கு எந்த ஊர் இஷ்டம் என்று கேட்கிறாய். அவளுக்கு என்ன, எந்த ஊரானாலும் சரிதான். இந்த வீடே அவள் பேரில்தான் இருக்கிறது. எண்பத்து நாலில் பத்திரம் பதியும்போது எனக்கு அஷ்டமத்துச் சனி, என் பேரில் சொத்து வாங்கினால் நிலைக்காது என்று ஜோசியர் சொன்னதால் அவள் பேரில் எழுதினோம். அன்றைக்கு எங்கே என்றா கேட்டாள்? காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வீட்டைப் பார்.

வெங்கடராமன்


குத்தாலம்
20-4-2003

அத்திம்பேருக்கு நமஸ்காரம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை, அதோடு சின்னவளுக்கு அம்மை வார்த்து இறங்கியது. இப்போது தேவலை. அங்கே வெயில் எப்படி? அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்கிறாளா?

திருவாலங்காட்டில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை உங்கள் சொற்படி பாட்டிலில் பிடித்து மூன்று நாள் ஜன்னலில் வைத்தேன். அடியில் அரை விரல் உயரத்துக்குச் செம்மண். நீங்கள் நிராகரிப்பதற்கு முன் நானே நிராகரித்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ரிட்டயரான பெரியவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்து வீடு வாங்கியிருக்கிறார்கள். வந்தார்கள், பார்த்தார்கள், குடிவந்தார்கள். ஒருவரும் என்னை உத்தரத்தின் மேல் ஏற்றவில்லை. நானும் இருபது வருஷமாகச் சம்சாரியாக இருக்கிறேன், எது நல்ல வீடு என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

தேரழுந்தூரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மே மாதம் லலிதாவின் அண்ணா பெண் கல்யாணத்துக்கு அக்கா வருகிறாள் அல்லவா? நீங்களும் வந்தால் இருவருமாகப் பார்த்துவிடலாம்.

சீனு


குஷாய்குடா
4-5-2003

சீனுவுக்கு ஆசீர்வாதம். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா? பதில் எழுது.

முழங்காலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் ரயிலில் வர முடியாது. கல்பகம் மட்டும் வருகிறாள். அவளும் தேரழுந்தூரைச் சும்மா பார்த்துவிட்டு வரட்டும். டெக்னிகல் விஷயங்களை நீ கவனி, அவளைக் குழப்பாதே. படிவம் அவள் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வெங்கடராமன்


குத்தாலம்
3-6-2003

அத்திம்பேருக்கு நமஸ்காரம். கல்யாணம் நன்றாக நடந்தது. உங்களை எல்லோரும் கேட்டார்கள். சின்னவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

தேரழுந்தூர் வீட்டின் படிவம் இத்துடன். நாற்பத்திரண்டும் சரி. உத்தரம் தேக்கு, கதவு நிற்கிற இடத்தில் நிற்கிறது, தண்ணீர் பாட்டிலில் ஒன்றும் படியவில்லை. காலை வெயில் ஏழு மணியிலிருந்து கூடத்தில் விழுகிறது. பக்கத்தில் மாடி கட்ட வழியே இல்லை.

அக்கா பார்த்தாள். மறுநாள் மாயவரத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். சௌக்கியமாக வந்து சேர்ந்தாள் என்று நினைக்கிறேன்.

சீனு


குஷாய்குடா
15-6-2003

சிரஞ்சீவி சீனுவுக்கு மனப்பூர்வமான ஆசீர்வாதம். லலிதாவுக்கும் குழந்தைகளுக்கும் கூட.

எல்லாக் கட்டமும் சரி என்று கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் என் வாக்கைச் சொல்லிவிடு. இந்த வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டான். வேறு யார், பக்கத்து ஆறு மாடிக்காரன்தான். என் வெயிலை எடுத்துக்கொண்டவனுக்கே வீட்டையும் கொடுக்கிறேனே என்று வயிறு எரிகிறது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் பதிய வேண்டும், வேறு ஆள் தேட நேரம் இல்லை. ஜூலை பதினாலு, திங்கட்கிழமை ரிஜிஸ்திரேஷன்.

கல்பகத்தைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். மறுப்பு இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்ததிலிருந்து இவளுக்குப் பக்தி முற்றிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் எதிர் வீட்டு ரஷ்மியைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணி பஸ்ஸில் கீசரகுட்டா கோயிலுக்குப் போகிறாள், மத்தியானம் திரும்புகிறாள். செருப்பெல்லாம் செம்மண். செம்மண் ஏது என்று நான் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் எழுதி உன் நேரத்தை வீணாக்கவில்லை.

வெங்கடராமன்


குஷாய்குடா
15-7-2003

சீனுவுக்கு.

சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று ரிஜிஸ்திரார் ஆபீஸில் என் மானம் போயிற்று. ஆறு மாடிக்காரன், அவன் வக்கீல், பத்திரம் எழுதுகிறவர், கௌஷிக் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான். கல்பகம் பேனாவைக் கையில் வாங்கினாள். பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, அத்தனை பேர் எதிரிலும் என்னைப் பார்த்து, 'அன்னிக்கு லாரியை நிறுத்தினேளே, ஞாபகம் இருக்கா?' என்றாள். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

என்ன லாரி? பத்திரத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? பத்திரக்காரர், பெண்களுக்குச் சொந்த வீட்டைக் கொடுக்கும்போது மனசு கலங்குவது சகஜம் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். கௌஷிக் சிரிக்கிறான். 'ஹவ்ப்பா, அம்மா பேர்ல இருக்கு, அம்மா போடலைன்னா நக்கோ' என்று, ஆமாம்-இல்லைக்கு இந்த ஊர் உருதுவும் மற்றதற்குத் தமிழுமாக இரண்டு பாஷையில் எனக்குச் சட்டம் சொல்கிறான்.

இது தானாக அவளுக்கு வந்த யோசனை இல்லை. மே மாதம் அங்கே நீங்கள் ஏதோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

வெங்கடராமன்


குஷாய்குடா
18-7-2003

அன்புள்ள சீனுவுக்கு அக்கா கல்பகம் ஆசீர்வாதம். லலிதா, குழந்தைகள் க்ஷேமம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு முழங்கால் தேவலை, கோபத்தில் அதை மறந்து மாடிப்படி ஏறி இறங்குகிறார்.

நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று அவர் உனக்கு எழுதியிருப்பார். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு தம்பி சொல்லிக்கொடுத்தால்தான் கோபம் வரும் என்று நினைக்கிறார் பார், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது.

தேரழுந்தூரில் நடந்தது உனக்குத் தெரியும். மோட்டார் எத்தனை குதிரைசக்தி, குழாய் எத்தனை அடியில் இறங்கியிருக்கிறது என்று நான் அந்தப் பெரியவரைக் கேட்டேன். நாலு வருஷமாக இதுதானே என் வேலை, எனக்குத் தெரியாதா? அவர் சிரித்துவிட்டு உன்னைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டாவது கேள்வி கேட்டேன். 'மாமிக்கு அடுக்களையைக் காட்டுங்கோ' என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, ஹைதராபாத்திலிருந்து தனியாகவா வந்தேள், உங்காத்துக்காரர் விட்டுட்டாரா என்று கேட்டாள். அடுக்களையில் நின்றுகொண்டு, இனி செத்துப்போகிற வரைக்கும் என்னை இங்கேதான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உன்னிடம், இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன், நீ எழுதாதே, நானே அவரிடம் சொல்கிறேன் என்றேன். நீ வாக்கைக் காப்பாற்றினாய். அந்த ஒரு வரியை எழுத நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று தெரியும்.

நான் சொல்லாமல் இல்லை சீனு. மூன்று முறை சொன்னேன். முதல் முறை, 'நாப்பத்திரண்டும் தேறிடுத்தே' என்றார். இரண்டாவது முறை, 'உனக்குப் பயண அலுப்பு' என்றார். மூன்றாவது முறை பேப்பரைக் கீழே வைத்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டுவிட்டு, 'சாமான் கட்ட எத்தனை பெட்டி வேணும்?' என்றார்.

அந்த லாரிக் கதையை இந்த வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார், காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நானும் நின்று கேட்பேன். பெட்டியைப் பயன்படுத்தப் போகிறவன் யாரோ ஒரு மாலுமி. அவன் கையெழுத்துக்காக மூன்று நாள் லாரிக்கு முன்னால் நின்ற மனுஷர், என்னோடு முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கிறார். நான் என்ன அந்த மாலுமிக்கும் கீழா?

கிராமம் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கும்தான் வெயில் போயிற்று. எனக்கும்தான் போர் தண்ணீர் போயிற்று. கோயிலுக்குப் போனேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோயிலுக்கும் போனேன். ஆனால் ரஷ்மியோடு ஆறு கிராமம் சுற்றியிருக்கிறேன். கீசராவைத் தாண்டிப் போகாரம் என்று ஓர் ஊர், குஷாய்குடாவிலிருந்து ஒரு பஸ். யாதகிரி என்ற விவசாயி தன் பழைய வீட்டை விற்கிறார். நான் மோட்டாரைப் பற்றிக் கேட்டதும் அவர் மனைவி உள்ளே போகச் சொல்லவில்லை, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டி, பஞ்சாயத்துக் குழாய்க்கு எங்கே மனு கொடுப்பது என்று என்னைக் கேட்டாள். அந்த ஊர் பாஷை எனக்கு வரும். கௌஷிக் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகலாம். இங்கே கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் வரலாம்.

வருகிற ஞாயிறு எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். முதல் குடம் நான் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாலு வருஷம் அலைந்து கொண்டுவந்த தண்ணீர். அதற்கு ஆறு நாள் முன்னால் என் பேரில் இருக்கிற வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, நான் யார் வீட்டு வாசலில் நின்று அந்தக் குடத்தைப் பிடிப்பது?

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

அக்கா


குத்தாலம்
2-8-2003

அத்திம்பேருக்கு நமஸ்காரம். எழுத்து மூலம் கேட்டிருந்தீர்கள், எழுத்து மூலம் தருகிறேன். அக்கா எனக்கு எழுதியதை அவள் அனுமதியோடு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்கு எட்ட, குத்தாலம் வரை வந்து திரும்பக் குஷாய்குடா போக வேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. தேரழுந்தூரில் அந்தப் பெரியவர் சிரித்தபோது நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அதற்கும் சேர்த்துத்தான் வெட்கம்.

உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி குறைகிறது. நாற்பத்து மூன்றாவதாக அதை நானே கீழே எழுதியிருக்கிறேன்: குடியிருக்கப் போகிறவர்கள் பார்த்தார்களா, அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா? இதைக் காலியாக விடக் கூடாது என்பது உங்கள் விதிதான்.

தேரழுந்தூர்க்காரரிடம் உங்கள் வாக்கை நான் இன்னும் சொல்லவே இல்லை. ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனு


குஷாய்குடா
12-10-2003

சிரஞ்சீவி சீனுவுக்கு அநேக ஆசீர்வாதம். நவராத்திரி நல்லபடியாக முடிந்ததா? லலிதா எத்தனை படி வைத்தாள்? இங்கே கல்பகம் சௌக்கியம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. முழங்கால் மட்டும் பழையபடி.

இரண்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ நினைத்திருப்பாய். உன் கடிதத்துக்குப் பதில் நாலு முறை எழுதிக் கிழித்தேன். உன் மேல் கோபம், அக்கா மேல் கோபம். அப்புறம் யார் மேல் கோபம் என்றே தெரியாமல் ஒரு மாதம் போயிற்று. ஆறு மாடிக்காரனிடம் வீடு விற்பதற்கில்லை என்று நானே போய்ச் சொன்னேன். அந்த ஒரு வேலைதான் அந்த மாதம் உருப்படியாகச் செய்தேன்.

இப்போது எழுதுவது ஒரு புகார். நேற்று கல்பகம் என்னைப் போகாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தையும் பாட்டிலையும் சாவியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். யாதகிரியும் அவர் மனைவியும் வாசலிலேயே கல்பகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரிந்த தெலுங்கு ஃபாக்டரித் தெலுங்கு, ஸ்க்ரூ, நட்டு, ஓவர்டைம், அவ்வளவுதான். இவள் சரளமாகப் பொழிகிறாள். ஒன்பதாவது கேள்வியைக் கேட்கலாம் என்று உத்தரத்தைக் காட்டினேன். யாதகிரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளிடம் பதில் சொன்னார். இரண்டாவது முறை கேட்டேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சொம்பு மோரும் கொடுத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம். அங்கிருந்து பார்க்கிறேன், அவர்கள் மூன்று பேரும் மோட்டார் அறைக்குள் போகிறார்கள், வருகிறார்கள், கையை நீட்டி எதையோ அளக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர் இறங்கவில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவன் நானும்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நீ படிக்கத்தான் வேண்டும், இருக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கல்பகம் தன் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் மரத்தடியில் இருந்தபோது நாற்பத்திரண்டையும் அவளே பூர்த்தி செய்திருக்கிறாள். உன் நாற்பத்து மூன்றாவது கேள்வியையும் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். மேல் கோட்டில் அவள் கையெழுத்து. கீழ்க் கோடு காலி.

'உங்களுக்குப் பிடிச்சாத்தான் போடணும்' என்றாள்.

பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

'வேற ஊர் பாப்போம்' என்றாள். கோபமே இல்லாமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். கோமலை நான் அவளிடம் சொல்லாமலே நிராகரித்தேன். தேரழுந்தூரை அவள் சொன்ன பிறகும் ஏற்றுக்கொண்டேன். அவள் ஆறு கிராமம் சுற்றித் தேடி, தனக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதை எனக்காக விட்டுவிடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குஷாய்குடா வரும்வரை டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. பார்க்காத வீட்டுக்குப் போட்டால் அது என் வழக்கத்துக்கு விரோதம், அவளுக்கும் மரியாதை இல்லை. செவ்வாய்க்கிழமை ஏழு மணி பஸ்ஸில் மறுபடியும் இரண்டு பேரும் போகிறோம். நாற்காலி வேண்டாம் என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று அவளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
வெங்கடராமன்